பட்டமளிப்புக் கோடை: ஆச்சியை வரவழைப்பதா, ஊருக்குப் போவதா, ஜப்பானா?

2020 ஜூனில் என் மகளின் ஹைஸ்கூல் பட்டமளிப்பு, பள்ளிக்கூடத்தின் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. கார்கள் வரிசையாக ஊர்ந்து போயின. எங்கள் முறை வந்ததும் முகக்கவசம் போட்ட ஓர் ஆசிரியர் கையை எட்ட நீட்டி, ஜன்னல் வழியாக டிப்ளமாவைக் கொடுத்தார். அவ்வளவுதான். என் அம்மாவுக்கு அந்த மே மாதம் வருவதற்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். மார்ச் கடைசியில் இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியதோடு அது போயிற்று. இங்கே மாலை ஆறு மணி என்றால் தென்காசியில் விடிகாலை மூன்றரை. அம்மா தலை வாரி, நல்ல சேலை கட்டி, போனைச் சுவரில் சாய்த்துவைத்து உட்கார்ந்திருந்தார். பாதி நேரம் அவருக்குத் தெரிந்தது எங்கள் காரின் கூரைதான்.

அன்று பின்சீட்டிலிருந்து கைதட்டிய தம்பிக்குப் பதின்மூன்று வயது. 2025 ஜூனில் அவன் முறை. “எனக்குத்தான் யாரும் இல்ல, அவனுக்காவது ஆள் இருக்கணும்மா” என்று முதலில் ஆரம்பித்தது மகள்தான். அதற்காக 2024 செப்டம்பரிலேயே சாப்பாட்டு மேஜையில் காலண்டரை விரித்துவிட்டோம். அந்த ஒன்பது மாதத்தில் நாங்கள் எடைபோட்டுப் பார்த்ததையெல்லாம், இதே யோசனையில் இருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். இருப்பது நியூஜெர்சியில், எடிசன் பக்கம். எனக்கும் கணவருக்கும் கிரீன் கார்டு, கையில் இந்திய பாஸ்போர்ட். பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கே பிறந்தவர்கள், அமெரிக்க பாஸ்போர்ட். அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் வலி உண்டு, மற்றபடி தெம்பாக இருக்கிறார். மாமனார் திருச்சியில், 83 வயது. பக்கவாதம் வந்தபிறகு வாசல் தாண்டுவதே அபூர்வம், விமானம் ஏறும் பேச்சுக்கே இடமில்லை. மகளுக்கு பாஸ்டனில் வேலை, வருடத்துக்கு 15 நாள் லீவு. பணத்தைக்கூட எப்படியாவது புரட்டிவிடலாம். அவளுடைய லீவை எங்கேயும் புரட்ட முடியாது. எந்தத் திட்டமானாலும் கடைசியில் அந்தப் பதினைந்து நாளுக்குள்தான் வந்து அடங்க வேண்டியிருந்தது.

நிறையப் பேர் இந்தக் கணக்கை “எந்த நாடு?” என்று தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். இரண்டு மாதம் கழித்துத்தான், யாரோடு இருக்கப்போகிறோம் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது உறைத்தது. ஆகஸ்ட் கடைசியில் இவன் கல்லூரி விடுதிக்குப் போய்விடுவான். அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் சேர்ந்தாற்போல் இரண்டு வாரம் இருக்கும் கோடை இனி எப்போது வருமோ. தாத்தாவுக்கு 83. இந்த இரண்டையும் முன்னால் வைத்துப் பார்த்தால் மற்றவை தானாக வரிசைக்கு வந்துவிடும்.

ஏப்ரலில் வசந்த விடுமுறையிலேயே ஊருக்குப் போய்வந்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. சித்திரை, கோயில் திருவிழாக்கள் என்று ஆசை காட்டும் மாதம்தான். ஆனால் வார இறுதிகளைச் சேர்த்தாலும் ஒன்பது, பத்து நாள். அதில் போக வரவே மூன்று நாள். திரும்பி வந்தால் மே முதல் வாரமே ஏபி என்கிற கல்லூரி மட்டத் தேர்வுகள். அன்றைக்கே அதைத் தள்ளிவிட்டோம்.

ஜப்பான், மகனின் ஆசை. அந்த வருடம் ஏப்ரல் 13 முதல் அக்டோபர் 13 வரை ஒசாகாவில் உலகக் கண்காட்சி. யுமெஷிமா தீவில் கண்காட்சியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் மரத்தாலேயே ஒரு பெரிய வளையம் கட்டியிருந்தார்கள். அதன் படங்களை அவன் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருந்தான். ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. பன்னிரண்டு வருடம் படித்து முடித்த பிள்ளை தனக்கென்று ஒரு பயணம் கேட்பது நியாயம். எதிர்ப்பக்கம் வைத்த கணக்கு இது. ஜூனிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை அங்கே வழக்கமாக மழைக்காலம், புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். பிள்ளைகளுக்கு விசா வேண்டாம், எங்கள் இருவருக்கும் வேண்டும். ரயில்களில் சுற்றலாம் என்று பார்த்தால், ஏழு நாள் ஜேஆர் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து ஒரேயடியாக 50,000 யென் ஆகியிருந்தது. நாலு பேருக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கணவர் பேசாமல் கணினியை மூடிவிட்டார். இதற்கெல்லாம் மேலே, பத்து நாள் ஜப்பான் போனால் மகளின் லீவில் பெரும்பகுதி அதோடு தீர்ந்தது. ஊர் அடுத்த வருடம்தான்.

மகனிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னோம். ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் அவனே வந்து, “தாத்தாவைப் பார்த்து எவ்ளோ நாளாச்சு?” என்று கேட்டான். நாலு வருடம் ஆகியிருந்தது.

ஐரோப்பாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ கட்ட வேண்டும், 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால், கோடைக்கு ஜனவரியிலேயே நேரம் குறிப்பவர்களுக்குத்தான் இடம் கிடைக்கிறது. ஊருக்குப் போகிற வழியில் லண்டனில் நாலு நாள் இறங்கலாமா என்றும் பார்த்தோம். பிள்ளைகளுக்கு ஆன்லைன் அனுமதி போதும், எங்களுக்கு முழு விசா. கலவை பாஸ்போர்ட் குடும்பங்களுக்கு எங்கே போனாலும் இதே கதைதான். பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம், பெற்றவர்கள் வங்கிக் கணக்கு நகலோடு வரிசையில் நிற்க வேண்டும். கனடாவும் மெக்சிகோவும் விதிவிலக்கு. கிரீன் கார்டு இருந்தால் இரண்டுக்கும் விசா தேவையில்லை. மூன்று, நாலு நாள்தான் கையில் இருக்கிறது என்பவர்களுக்கு மான்ட்ரியலோ நயாகராவின் கனடாக் கரையோ போதும் என்பேன்.

மிஞ்சியது இரண்டு. வரவழைப்பதா, போவதா?

வரவழைப்பதில் முதல் தடை விசா. எங்களுக்கு அதிர்ஷ்டம். 2020 பயணத்துக்காக 2019-ல் அம்மாவுக்கு எடுத்த பத்து வருட விசிட்டர் விசா, ஒரு முத்திரைகூட விழாமல் பாஸ்போர்ட்டில் அப்படியே கிடந்தது. புதிதாக எடுப்பவர்கள் டிஎஸ்-160 படிவம் நிரப்பி, 185 டாலர் கட்டி, சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குத் தேதி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். தேதி கிடைப்பது நம் கையில் இல்லை. கடைசி வகுப்பு தொடங்கும் செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடுங்கள். பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். இரண்டு வீட்டிலும் பாட்டி நேரலையில்தான் பார்த்தார்.

அடுத்தது காப்பீடு. வயதானவர்களுக்கு எடுக்கும் பார்வையாளர் காப்பீட்டில், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கான வழக்கமான வைத்தியம் சேராது. அதனால் வரும் திடீர் ஆபத்துக்கு மட்டும் ஒரு வரம்புவரை கொடுப்பார்கள், அதுவும் எல்லாத் திட்டத்திலும் கிடையாது. விலையைப் பார்த்து வாங்காமல் அந்த ஒரு பத்தியை வாசித்துவிட்டு வாங்குங்கள். மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள். கறிவேப்பிலை வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். விமான நிலையத்தில் எடுத்து எறிந்துவிடுவார்கள். எங்கள் அம்மா எவ்வளவு சொல்லியும் கேட்காமல் சேலை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவந்து, அதிகாரி கேட்டதும் தானே எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறார்.

பெரிய கவலை, தனியாக வருவது. தென்காசிக்காரர்களுக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் பக்கம். சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். திருவனந்தபுரம் ஆரியங்காவு, தென்மலை வழியாகக் காரில் மூன்று, மூன்றரை மணி நேரம். அங்கிருந்து தோஹா, தோஹாவிலிருந்து நியூயார்க். தோஹாவில் மாறும்போது ஆங்கிலம் தெரியாத 74 வயது மனுஷி என்ன செய்வார்? சக்கர நாற்காலி உதவி பதிவுசெய்தோம். அதோடு, இங்கே மகளைப் பார்க்க வந்துகொண்டிருந்த நாகர்கோவில் தம்பதி ஒருவரைத் தேடிப்பிடித்து, அதே விமானத்தில் அம்மாவுக்கு டிக்கெட் எடுத்தோம். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஒரு மாதம் கேட்டால் யாராவது அகப்படுவார்கள்.

டிக்கெட் எடுக்கும் முன் இன்னொன்று. பட்டமளிப்புத் தேதியை நம்பி அவசரப்படாதீர்கள். நியூஜெர்சியில் பள்ளி 180 நாள் நடந்தாக வேண்டும். குளிர்காலத்தில் பனிக்காக விட்ட நாள்களை ஜூன் கடைசியில் சேர்த்துக்கொள்வார்கள், அதோடு பட்டமளிப்பும் நகரும். டெக்ஸஸ் பக்கம் மே கடைசியிலேயே முடித்துவிடுகிறார்கள், நமக்கோ ஜூன் மூன்றாம் வாரம். விழாவுக்கு முன்னால் இரண்டு வாரம், பின்னால் ஐந்து நாளாவது இடம் விட்டு எடுங்கள். எங்களுக்கு அந்த ஐந்து நாள் எப்படி உதவியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நுழைவுச் சீட்டு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. விளையாட்டுத் திடலில் நடந்தால் குடும்பத்துக்கு ஐந்தாறு சீட்டு தருகிறார்கள். மழை வந்து உள்ளரங்கத்துக்கு மாற்றினால் இரண்டே இரண்டு. எங்கள் பள்ளியில் இரண்டு வண்ணத்தில் சீட்டு கொடுத்தார்கள். மழைச் சீட்டு யாருக்கு என்று முந்தின வாரமே வீட்டில் பேசித் தீர்த்துவிட்டோம். அம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. பெற்றவர்கள் நாங்கள் காரில் உட்கார்ந்து போனில் பார்ப்பது என்று முடிவு. நல்லவேளை, மழை வரவில்லை.

ஜூன் 20 மாலை. அம்மா அரக்கு நிறப் பட்டுச்சேலை, காலில் மகள் வாங்கிக்கொடுத்த வெள்ளை ஷூ. அலுமினியப் பலகை சுடும் என்று ஒரு ஜமுக்காளத்தை மடித்துப் போட்டிருந்தோம். பெயர் கூப்பிடுவதற்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் கைதட்டினார், யார் பெற்ற பிள்ளையானால் என்ன என்று. கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் தொப்பியில் தொங்கும் நூல் கொத்தை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றினார்கள். அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

“ஏளா, எதுக்கு எல்லாப் பயலும் குஞ்சலத்த இங்கிட்டு மாத்துதான்?”

“படிப்பு முடிஞ்சிட்டுன்னு அர்த்தம்மா.”

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பக்கத்தில் இருந்த பேத்தியின் தலையைத் தடவி, “ஒனக்கு மாத்தினாகளாளா?” என்று கேட்டார். மகள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

இதையெல்லாம் நேரில் பார்க்கவைப்பதுதான் வரவழைப்பதன் பலன். ஆனால் வெயில் ஒரு விஷயம். அடுத்த நாலாவது நாள், ஜூன் 24-ஆம் தேதி, நியூவார்க்கில் வெப்பநிலை 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. அந்த வாரம் திறந்தவெளியில் விழா வைத்த ஊர்களில் ஆள்கள் சுருண்டு விழுந்தார்கள். எங்கள் தேதி நான்கு நாள் தள்ளிப் போயிருந்தால் அம்மாவை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் போயிருப்போம். தென்காசிக் காற்றில் வளர்ந்தவர்தானே என்று நினைக்கக்கூடாது. நிழலில்லாத அலுமினியப் படியில் மூன்று மணி நேரம் உட்காருவது எந்த ஊர்க்காரருக்கும் கஷ்டம்.

வரவழைப்பதில் தீராத குறை ஒன்று உண்டு. வர முடிந்தவர் மட்டும்தான் வருவார். மாமனார் வர முடியாது. என் அம்மாவை மட்டும் கூப்பிட்டுவிட்டு அவரை விட்டால் கணவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், ஆனால் அது அவர் முகத்தில் தெரியும்.

ஊருக்குப் போவதென்றால் எல்லாரையும் பார்த்துவிடலாம். ஜூன் கடைசி குற்றாலத்தில் சீசன். சாரல் அடிக்கும், அருவியில் தண்ணீர் இருக்கும், அளவு மீறினால் போலீஸ் கயிறு கட்டித் தடுத்துவிடும். தென்காசி, செங்கோட்டை, புளியறை எல்லாம் அந்த மாதத்தில் வேறு ஊர்போல இருக்கும். ஏப்ரல், மேயில் வந்து அக்கினி நட்சத்திரத்தில் வாடிய பிள்ளைகளுக்கு இது புது அனுபவம்.

குறையும் உண்டு. தமிழ்நாட்டில் அந்த வருடம் ஜூன் 2-ஆம் தேதியே பள்ளி திறந்துவிட்டார்கள். மாமா, சித்தி பிள்ளைகள் காலை எட்டு மணிக்கு வேனில் ஏறிப் போனால் மாலைதான் வருவார்கள். வார நாள்களில் வீட்டில் பெரியவர்கள் மட்டும்தான். பிள்ளைகளுக்கு அத்தை, சித்தப்பா பிள்ளைகளோடு ஆட்டம் போடுவதுதான் ஊர் என்றால் இந்தக் காலம் அவர்களுக்கு ஏமாற்றம். டெக்ஸஸ்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், மே கடைசி நாள்களாவது அவர்களுக்குக் கிடைக்கும். டிக்கெட் விலையும் கோடையில்தான் உச்சத்தில் இருக்கும். எங்களுக்கு ஜனவரியிலேயே ஆளுக்கு 1,700 டாலர் ஆயிற்று.

காகித வேலையில் அமெரிக்க பாஸ்போர்ட் பிள்ளைகளைக் கவனியுங்கள். 16 வயதுக்குள் எடுத்த பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் ஐந்து வருடம்தான். ஹைஸ்கூல் முடிகிற நேரத்தில் பல பிள்ளைகளுக்கு அது காலாவதியாகி இருக்கும், அதற்குக் கொஞ்ச நாள் முன்புவரை யாரும் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள். புது பாஸ்போர்ட் வந்ததும், 20 வயதுக்குக் கீழே இருந்தால் ஓசிஐ (இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவும் அட்டை) தளத்தில் அதன் நகலையும் புதுப் படத்தையும் ஏற்றினால் போதும். 20 தாண்டிப் புது பாஸ்போர்ட் எடுத்தவர்கள் ஒரு தடவை ஓசிஐ அட்டையையே மாற்ற வேண்டும். ஆக, தம்பிக்கு அரை மணி நேர வேலை, அக்காவுக்குப் பல வார வேலை. இன்னொன்று, கல்லூரி ஓரியண்டேஷன், அதாவது புது மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சி. பல கல்லூரிகள் அதை ஜூன், ஜூலையில்தான் வைக்கின்றன. மே 1-க்குள் கல்லூரியை உறுதிசெய்ததும் முதலில் கேட்க வேண்டிய தேதி அதுதான். தடுப்பூசிப் படிவமும் கிளம்பும் முன்பே முடிந்தாக வேண்டும்.

கடைசியில் நாங்கள் செய்தது இரண்டையும் ஒட்டவைத்ததுதான். அம்மா ஜூன் முதல் வாரம் வந்தார். பட்டமளிப்பு முடிந்து ஒரு வாரத்துக்குள், அவர் திரும்பும் அதே விமானத்தில் நாங்கள் நாலு பேரும் ஏறினோம். வரும்போதுதான் அம்மாவுக்குத் துணை தேட வேண்டியிருந்தது, போகும்போது நாங்களே துணை. மகள் இரண்டு வாரத்தில் தனியாக இங்கே திரும்பினாள், நாங்கள் ஜூலை கடைசிவரை இருந்தோம். எல்லாரையும் ஒரே தடவையில் பார்க்க வேண்டும், ஒருவருக்கு வர முடியும், இன்னொருவருக்கு முடியாது என்கிற வீடுகளுக்கு இதைத்தான் முழு மனதோடு சொல்வேன். செலவு ஒரு டிக்கெட் கூடுதல், அவ்வளவுதான். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் விமானம் ஏறக்கூடியவர்கள், பிள்ளை இன்னும் ஊர்ப் பயணத்துக்கு ஏங்கவில்லை என்றால் வரவழைத்துவிட்டு, மிச்சக் கோடையைப் பிள்ளை கேட்கும் ஊருக்குக் கொடுங்கள். எங்கள் நிலைமை அப்படி இருந்திருந்தால் நான் ஒசாகாவுக்குத்தான் டிக்கெட் எடுத்திருப்பேன்.

இதில் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் டிக்கெட் இந்தியாவில் எடுத்தது, எங்களுடையது இங்கே எடுத்தது. ஒரே விமானம் என்றாலும் பதிவெண் வேறு. ஏதாவது ரத்தானால் அவரை ஒரு விமானத்திலும் எங்களை இன்னொன்றிலும் போட்டுவிடுவார்கள். எங்கள் பயணம் ஜூன் 26. அதற்கு மூன்று நாள் முன்னால், 23-ஆம் தேதி, ஈரான் போர்ச் சூழலில் கத்தார் தன் வான்வெளியை மூடிவிட்டது. சில மணி நேரத்தில் திறந்துவிட்டார்கள், ஆனால் தோஹா வழியாகப் போகிறவர்கள் உலகம் முழுக்க அங்கங்கே மாட்டிக்கொண்டார்கள். விழா முடிந்த மூன்றாம் நாளே கிளம்ப டிக்கெட் எடுக்கலாம் என்றுதான் முதலில் பேசியிருந்தோம். விட்டிருந்த அந்தச் சில நாள்தான் எங்களைக் காப்பாற்றியது. அப்போதும் இரண்டு பதிவெண்களையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லி, கணவர் இரண்டு இரவு போனைக் காதிலேயே வைத்திருந்தார். இதை டிக்கெட் எடுத்த அன்றே செய்துவிடுங்கள்.

பெட்டி கட்டும்போது மகள் வந்து பட்டமளிப்புக் கவுனையும் தொப்பியையும் எடுத்துவைக்கச் சொன்னாள். சில பள்ளிகளில் அதைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், எங்களுக்கு வீட்டுக்கே கொடுத்துவிட்டார்கள். மெல்லிய துணி, எடையே இல்லை. அவளுடைய 2020 கவுனும் அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தது. அதையும் வைத்தோம்.

குற்றாலத்தில் ஒரு வாரம் நனைந்துவிட்டு, மகள் கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு திருச்சிக்குப் போனோம். மாமனாரைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். முதலில் பேரன் கவுனைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். அவருக்கு வலது கைதான் அசையும்; அதை நீட்டி, தொப்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பேத்தி அவளுடைய கவுனோடு கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டுக் குனிந்தாள். கூடவே திருச்சிக்கு வந்திருந்த என் அம்மா பின்னால் நின்றுகொண்டு, “சம்பந்தி, அந்தக் குஞ்சலத்த இங்கிட்டு மாத்தி விடுங்க, அவளுக்கு யாரும் மாத்தல” என்றார். மாமனாருக்கு என்னவென்று புரிந்ததோ இல்லையோ, விரலில் நூலைச் சுற்றிக்கொண்டு, மெள்ள இழுத்து, இடப்பக்கம் கொண்டுபோய் விட்டார்.